மாதிரி

செவ்வாயும் வெள்ளியும் எங்கள் மருத்துவமனையில் சிறுநீரகவியல் துறைக்கு அறுவை நாள். அந்த இரண்டு நாளும் காலை எட்டு மணிக்குத் தெர்மாகோல் பெட்டியோடு தியேட்டர் வாசலில் நின்றுவிடுவேன். பெட்டிக்குள் ஐஸ், ஐஸில் செருகிய இரண்டு குழாய்கள், குழாய்களில் இளஞ்சிவப்புத் திரவம். ஒருமுறை புதிதாகச் சேர்ந்த காவலாளி, "இங்கே விற்கக் கூடாதம்மா, கேண்டீன் பக்கம் போ" என்றார். நான் விற்க வரவில்லை, வாங்க வந்தவள் என்று விளங்க வைப்பதற்குள் லிஃப்ட் போய்விட்டது.

வாங்குவது சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க் கட்டியின் துணுக்கு. அதைச் சாகவிடாமல் கொண்டுபோய், தட்டில் வளர்த்து, மருந்து போட்டுப் பார்ப்பது என் வேலை. நான்கு ஆண்டுகளாகிறது. அம்மா பக்கத்து வீட்டில் "கேன்சர் ஆராய்ச்சி" என்பதோடு நிறுத்திக்கொள்வார். எந்த உறுப்பு என்று கேட்டால் பேச்சு தண்ணீர் லாரிக்குத் தாவிவிடும்.

இந்தத் தொழிலில் தமிழ் எனக்கு ஒரு தொல்லை தருகிறது. ஆங்கிலத்தில் நோயாளியிடமிருந்து எடுப்பதற்கு ஒரு சொல், அதிலிருந்து ஆய்வகத்தில் உருவாக்குவதற்கு இன்னொரு சொல். நமக்கு இரண்டுமே மாதிரிதான். போதாததற்கு, "அப்பா மாதிரியே இருக்கிறான்" என்னும்போது வருகிற மாதிரியும் அதுவே. எங்கள் ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி இருக்கிறது: "உங்கள் கட்டியின் மாதிரியிலிருந்து ஆய்வக மாதிரி உருவாக்கப்படும்." மாற்ற வேண்டும் என்று பலமுறை நினைத்ததுண்டு. நெறிமுறைக் குழு ஏற்றுக்கொண்ட படிவத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் மறுபடியும் குழுவுக்குப் போக வேண்டும். எனவே நோயாளிகளிடம் வாயால் விளக்குகிறேன்.

போன ஆண்டு அப்படி விளக்கிய ஒருவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அடையாளம் தெரியாமல் இருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். முப்பது ஆண்டு லாரி ஓட்டியவர். பீடி பழக்கம். சிறுநீரில் ரத்தம் வந்திருக்கிறது, வலி இல்லை, இரண்டு நாளில் தானாக நின்றுவிட்டது. உடம்புச் சூடு என்று இளநீரும் வெந்தயமும் குடித்திருக்கிறார். மறுபடி வந்தது, மறுபடி நின்றது. இந்த நோயின் தந்திரமே அதுதான். வலிக்காத ரத்தம், தானே நிற்கிற ரத்தம். புகையிலையின் நச்சுகளைச் சிறுநீரகம் வடிகட்டி அனுப்ப, அவை சிறுநீர்ப்பையில் தேங்கி அதன் உட்சுவரை மணிக்கணக்கில் நனைத்துக்கொண்டிருக்கும். பீடிக்கும் நுரையீரலுக்கும் உள்ள உறவு எல்லோருக்கும் தெரியும். சிறுநீர்ப்பையோடும் உண்டு என்றால் பலர் என்னை நம்புவதில்லை.

படிவத்தை அவர் விரல் வைத்து வரி வரியாகப் படித்தார்.

"இது என்னம்மா, மாதிரியில் இருந்து மாதிரி?"

"உங்கள் கட்டியில் ஒரு துணுக்கை எடுத்து வளர்த்துப் பார்ப்போம், ஐயா."

"வளர்ப்பதா? வெட்டி எறிவதற்கு அல்லவா வந்திருக்கிறேன்!"

பக்கத்தில் நின்ற மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நாற்றங்கால் போல என்று சொன்னேன். வயல் இங்கே, நாற்று அங்கே. எந்த மருந்து நாற்றைக் காய வைக்கிறது என்று பார்க்கலாம். அடுத்து எல்லோரும் கேட்கும் கேள்வியை அவரும் கேட்டார். அதனால் எனக்கு நல்ல மருந்து கிடைக்குமா? கிடைக்காது என்று சொல்ல வேண்டியது என் கடமை. இது ஆராய்ச்சி, உங்கள் சிகிச்சையை இது மாற்றாது, முடிவும் உங்களுக்குத் தரப்படாது. அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது நான் எப்போதும் படிவத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன், முகத்தைப் பார்ப்பதில்லை.

"வீணாகப் போவதைத்தானே எடுக்கிறாய், எடுத்துக்கொள்" என்று கையெழுத்துப் போட்டார். அவர் 23ஆம் எண் ஆனார்.

சிறுநீர்ப்பைக் கட்டியை முதலிலேயே வயிற்றைக் கிழித்து எடுப்பதில்லை. சிறுநீர் வரும் வழியாகவே கருவியை விட்டு, மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் சீவிச் சீவி எடுப்பார்கள். வெளியே வருவது தேங்காய்ச் சில்லு போன்ற துணுக்குகள். ஓரமெல்லாம் கருகியிருக்கும். முதல் உரிமை நோய்க்குறியியல் துறைக்கு. கட்டி தசை வரை இறங்கிவிட்டதா என்று அவர்கள் பார்த்துச் சொன்னால்தான் நோயாளிக்கு மேற்கொண்டு என்ன செய்வது என்று முடிவாகும். மிஞ்சியது எனக்கு. நல்ல நாளில் பட்டாணி அளவு, கெட்ட நாளில் கடுகு. அதிலும் கருகிய ஓரத்தைக் கத்தியால் சீவி எறிந்துவிட வேண்டும். வெந்த செல் வளராது.

மிச்சத்தைப் பொடியாக நறுக்கி, நொதி சேர்த்து, 37 டிகிரியில் வைத்து ஆட்டி, சல்லடையில் வடித்தால் செல்கள் தனியாகவும் கொத்தாகவும் வரும். அதை மேட்ரிஜெல்லில் கலக்க வேண்டும். மேட்ரிஜெல் என்பது எலிக்கு வரும் ஒருவகைக் கட்டியிலிருந்து எடுக்கும் புரதக் கூழ். மனிதப் புற்றுநோயை வளர்க்க எலிப் புற்றுநோயைப் படுக்கையாகப் போடுகிறோம். விலையை எழுதினால் அம்மா படித்துவிடுவார். குளிரில் நீராக இருக்கும், சூடு பட்டால் உறைந்துவிடும். குப்பி ஐஸில், பிப்பெட் முனையும் ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்ததாக இருக்க வேண்டும். கை தாமதித்தால் முனைக்குள்ளேயே கட்டிப்படும். தட்டின் ஒரு குழிக்கு ஐம்பது மைக்ரோலிட்டர், சொட்டாக நடுவில் விட வேண்டும், பரவக் கூடாது. பாட்டி மொட்டைமாடியில் வேட்டி விரித்து வடகம் இடுவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது புதிய வித்தை அல்ல. கரண்டியை எப்போது தூக்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிறகு தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து இன்குபேட்டரில் வைப்போம். இல்லாவிட்டால் செல்கள் அடியில் இறங்கி ஒட்டிக்கொள்ளும். உறைந்தபின் நிமிர்த்தி மேலே மீடியம், அதாவது செல்லுக்கான ஊட்டத் திரவம். முதல் சில நாள் செல் தனிமையில் மனமுடைந்து சாகாமல் இருக்க ஒரு மருந்தும் கலந்திருக்கும். மனமுடைந்து என்பது என் சொல். தன் கூட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட செல் தானே செத்துப்போகும் வழி ஒன்று உண்டு, அதை அந்த மருந்து தடுக்கிறது.

ஐந்தாறு நாள் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால், வேலை செய்திருந்தால், வெந்த ஜவ்வரிசி மாதிரி உருண்டைகள். இதற்குப் பெயர் ஆர்கனாய்டு. குடலின் தண்டு செல் (ஸ்டெம் செல்) ஒன்றிலிருந்து இப்படி வளர்க்கலாம் என்று 2009இல் நெதர்லாந்தின் ஹான்ஸ் கிளெவர்ஸ் ஆய்வகத்தில் தோஷிரோ சாட்டோ காட்டினார். 2014இல் நியூயார்க்கில் முற்றிய புராஸ்டேட் புற்றுநோயிலிருந்து செய்தார்கள். சிறுநீர்ப்பைக்கு 2018இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஷென் குழு 16 நோயாளிகளிடமிருந்து 22 ஆர்கனாய்டு வரிசைகளை உருவாக்கியது. சில நோயாளிகளிடம் கட்டி திரும்ப வந்தபோது மறுபடியும் எடுத்திருந்தார்கள். அந்தக் கட்டுரையின் அச்சுப்படி என் மேசையில் எண்ணெய்க் கறையோடு இருக்கிறது. கறை முறுக்குடையது.

இத்தனை பாடு எதற்கு, கடையில் விற்கிற செல்லை வாங்கி வளர்த்தால் ஆகாதா என்று எங்கள் நிதிப் பிரிவில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அவருக்கு டி24 கதையைச் சொன்னேன். சுவீடனில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணியின் சிறுநீர்ப்பைக் கட்டியிலிருந்து வந்த செல் அது. 1973இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். 1982இல் மனிதப் புற்றுநோயில் முதன்முதலாகக் கையும் களவுமாகப் பிடிபட்ட மரபணு மாற்றம் இந்தச் செல்லில்தான். எச்ராஸ் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, புரதத்தின் 12ஆவது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வேலின் வந்து உட்கார்ந்திருந்தது. அந்த அம்மையாருக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் அவருடைய செல் பிடிவாதக்காரி. எங்கே ஒரு துளி தெறித்தாலும் அங்கிருப்பதை விரட்டிவிட்டு வீட்டை எழுதி வாங்கிக்கொள்ளும். இஜே என்ற பெயரில் வேறொரு நோயாளியின் சிறுநீர்ப்பைச் செல் என்று புழங்கியது, பார்த்தால் டி24. 1990இல் ஜப்பானில் தொப்புள்கொடி ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல் தானாகவே சாகாவரம் பெற்றுவிட்டது என்று இசிவி304 என்ற பெயரில் ஒன்று வந்தது. ரத்தக்குழாய் ஆராய்ச்சியாளர்கள் ஆவலோடு வாங்கினார்கள், கட்டுரை கட்டுரையாக எழுதினார்கள். 1999இல் டிஎன்ஏ ரேகை பார்த்தபோது அதுவும் நம் சுவீடன் பாட்டி. சுத்தமான ஆள்மாறாட்டம். இந்தக் கதை கேட்டபின் நிதிப் பிரிவு அதிகாரி டிஎன்ஏ ரேகைச் சோதனைக்கான என் பில்லை மறுபேச்சில்லாமல் அனுப்பினார்.

ஆள்மாறாட்டத்தைக் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடிக்க முடிந்தாலும் மனசை உடைப்பது வேறொன்று. 11ஆம் எண் என்று ஒருவர். அவருடைய ஆர்கனாய்டு அத்தனை அழகாக வளர்ந்தது. உருண்டை உருண்டையாக, நடுவில் குழிவிட்டு, வாரம் தவறாமல் பிரித்துப் பிரித்துப் புதுத் தட்டில் வைக்க வேண்டிய அளவுக்கு. ஆய்வகத்துக்கு யார் வந்தாலும் அதைத்தான் காட்டினேன். கட்டியில் எஃப்ஜிஎஃப்ஆர்3 மரபணு மாறியிருந்தது. ஆர்கனாய்டில் மாறவில்லை. நான்கு மாதம் நான் சீராட்டியது கட்டியின் பக்கத்திலிருந்த நல்ல சுவரை. ஆரோக்கியமான செல்லுக்கு எங்கள் மீடியம் விருந்துச் சாப்பாடு. கட்டிச் செல்லோ உடம்பில் அத்தனை அட்டகாசம் செய்துவிட்டு, தட்டில் வைத்தால் சவலைப் பிள்ளை. புராஸ்டேட்டில் வேலை செய்பவர்களுக்கு இந்தத் துன்பம் இன்னும் அதிகம்.

நிஜமான கட்டியே வளர்ந்தாலும் அது அப்படியே இருப்பதில்லை. சிறுநீர்ப்பையின் உட்சுவரில் மேலடுக்குச் செல்லுக்கு ஒரு குணம், அடியடுக்குச் செல்லுக்கு வேறு குணம். கட்டிகளிலும் மேலடுக்குச் சாயல் கொண்டவை, அடியடுக்குச் சாயல் கொண்டவை என்று உண்டு, மருந்துக்கு இணங்குவதிலும் வேறுபடும். கொலம்பியாக்காரர்கள் பார்த்தது இது: மேலடுக்குச் சாயல் கொண்ட சில கட்டிகள் தட்டுக்கு வந்ததும் அடியடுக்கு வேஷம் போட்டன. அதையே எலியின் சிறுநீர்ப்பையில் வைத்தால் பழைய குணம் திரும்பியது. ஊரில் ஒரு முகம், வெளியூரில் ஒரு முகம். எங்கள் தட்டுகளிலும் மூன்றாவது முறை பிரித்து வைத்தபின் சாயமேற்றிப் பார்த்தபோது இரண்டில் அதே வேஷ மாற்றம் தெரிந்தது. அவர் மாதிரி, ஆனால் அவர் அல்ல. அந்தச் சொல்லோடு எனக்குள்ள தகராறு இங்கேதான் தொடங்குகிறது. மாதிரி என்று சொன்னால் எவ்வளவு மாதிரி என்று சொல்ல வேண்டாமா?

எலியில் வளர்ப்பதைப் பற்றி ஓரிரு வரி போதும். நோய் எதிர்ப்பு இல்லாத எலிக்குள் மனிதக் கட்டியை வைக்கலாம் என்று 1969இல் டென்மார்க்கில் காட்டினார்கள். உடம்புக்குள் இருப்பதால் தட்டைவிட நெருக்கமான மாதிரி. ஆனால் மாதக்கணக்காகும், பல வேர் பிடிக்காது, எலி விட்டு எலி மாற்ற மாற்றக் கட்டியைச் சுற்றியுள்ள மனிதத் திசு மறைந்து எலித் திசு வந்துவிடும். எனக்கு எலி பயம் வேறு. இன்னொரு துறையினர் செய்கிறார்கள், நான் செல்லைக் கொடுத்துவிட்டுக் கதவுக்கு வெளியே நிற்பேன்.

சிறுநீர்ப்பைக்கு மட்டும் ஒரு கொடுப்பினை உண்டு. கத்தியே வேண்டாம், கட்டி தன் செல்களைச் சிறுநீரிலேயே உதிர்த்துக்கொண்டிருக்கும். கதிர்வீச்சுக் கொடுத்துப் பெருக முடியாமல் செய்த எலிச் செல்களைக் கீழே மெத்தையாகப் போட்டு மேலே மனிதச் செல்லை வளர்க்கும் முறை ஒன்று, 2012இல் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் வந்தது. சிறுநீரில் கிடைக்கும் செல்லையும் அதில் வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். நானும் செய்து பார்க்கிறேன். டப்பாவைக் கொடுத்து, "காலையில் முதலில் போவது வேண்டாம், அடுத்தது கொண்டுவாருங்கள்" என்பேன். ராத்திரி முழுக்கச் சிறுநீரில் ஊறிய செல் சிதைந்துபோயிருக்கும். ஆனால் சர்க்கரைப் பரிசோதனையில் பழகிய நம் மக்கள் முதல் சிறுநீரைத்தான் பத்திரமாகப் பிடித்து, மஞ்சப்பையில் சுற்றி, ஐந்தரை மணி பஸ்ஸில் கொண்டுவருவார்கள். அந்தச் சிரத்தைக்கு முன்னால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கி வைத்துக்கொண்டு, இன்னொரு டப்பா கொடுத்து, மோர் குடிக்கச் சொல்லிக் காத்திருப்பேன்.

2023இல் நம் நாட்டுப் புதிய மருந்து விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. விலங்குச் சோதனையோடு ஆர்கனாய்டு போன்ற மனிதச் செல் முறைகளையும் ஏற்கலாம் என்று. முந்தைய ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவிலும் அப்படி ஒரு சட்டம். அதிலிருந்து எங்களைப் பார்க்க வருகிறவர்களின் குரலில் ஒரு தெம்பு. இனி எல்லாம் தட்டிலேயே தெரிந்துவிடும் என்கிறார்கள். நான் அவர்களிடம் பிசிஜி பற்றிக் கேட்பேன். தினமும் கிண்டியைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். 1948இல் அங்கே தொடங்கிய பிசிஜி ஆய்வகம் காசநோய்த் தடுப்பூசிக்காக. அதே தடுப்பூசிக் கிருமியைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டால் கட்டி திரும்ப வருவது குறைகிறது என்று 1976இல் கனடாவின் அல்வரோ மொராலெஸ் காட்டினார். தசைக்குள் இறங்காத, ஆனால் ஆபத்து மிகுந்த கட்டிக்கு இன்றைக்கும் அதுதான் முதல் சிகிச்சை. அது வேலை செய்வது உடம்பின் நோய் எதிர்ப்புப் படையைக் கிளப்பிவிட்டு. என் தட்டில் படை ஏது? கட்டிச் செல் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. பிசிஜி யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்பதுதான் எங்கள் மருத்துவர்களுக்குத் தெரிய வேண்டிய முதல் கேள்வி. அதற்கு என் ஆர்கனாய்டு வாயே திறப்பதில்லை. நோயாளியின் ரத்தத்திலிருந்து எதிர்ப்புச் செல்களை எடுத்துச் சேர்த்து வளர்க்கும் முயற்சிகள் உலகமெங்கும் நடக்கின்றன. எங்களிடம் அது இன்னும் திட்ட அறிக்கையாகத்தான் இருக்கிறது.

23ஆம் எண்ணுக்கு வருகிறேன். அது நன்றாகப் பிடித்தது. கட்டியின் மரபணு மாற்றம் ஆர்கனாய்டிலும் இருந்தது, மேலடுக்குச் சாயலும் அப்படியே இருந்தது. இரண்டு தட்டு நிறைந்ததும் பாதியைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்துவிட்டு, மீதியில் மருந்துச் சோதனை தொடங்குவதாகத் திட்டம். அந்த வெள்ளிக்கிழமை திருநெல்வேலியில் சித்தி மகள் கல்யாணம். உறைய வைக்க ஒரு மணி நேரம் ஆகும், நெல்லை எக்ஸ்பிரஸ் காத்திருக்காது. திங்கள்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். இன்குபேட்டருக்கு அடியில் ஈரப்பதத்துக்காக ஒரு தண்ணீர்த் தட்டு இருக்கும். வாரம் ஒருமுறை அதை எடுத்துக் கழுவி, புது நீர் ஊற்ற வேண்டும். அதையும் திங்கள்கிழமைக்குத் தள்ளினேன்.

திங்கள்கிழமை கதவைத் திறந்தபோதே வாசனை. தட்டுகளில் இலவம்பஞ்சு பிரித்துப் போட்டது மாதிரி வெள்ளை இழைகள். பூஞ்சை வந்த தட்டைக் காப்பாற்றப் பார்க்கக் கூடாது, பக்கத்திலிருப்பதற்கும் பரவும். எல்லாவற்றிலும் ப்ளீச் ஊற்றினேன். கையில் மருதாணி இன்னும் சிவப்பாக இருந்தது, கையுறைக்குள்.

மூன்று மாதம் கழித்து 23ஆம் எண்காரர் வந்தார். கட்டி எடுத்தபின் முதல் மறுபரிசோதனை மூன்று மாதத்தில். குழாய் விட்டுப் பார்த்ததில், முன்பு இருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி மறுபடியும் முளைத்திருந்தது. இந்த நோயில் அது அடிக்கடி நடப்பது. வெள்ளிக்கிழமைப் பட்டியலில் அவர் பெயரைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. அதை இங்கே ஒளிக்கப் போவதில்லை. அதே ஆள், இரண்டாவது தடவை, இன்னொரு வாய்ப்பு. அரை நிமிடம் கழித்துத்தான் அவருக்கு என்ன நடந்திருக்கிறது என்பது மண்டையில் ஏறியது.

படிவத்தோடு போனேன். மகள் வரவில்லை, பேரன் வந்திருந்தான்.

"போன தடவை கொடுத்தது எப்படியம்மா இருக்கிறது?"

முடிவு தரப்படாது என்று படிவம் சொல்கிறது. செத்துப்போனதைச் சொல்லக் கூடாது என்று எங்கும் இல்லை.

"இல்லை ஐயா, போய்விட்டது. பூஞ்சை பிடித்துவிட்டது. என் கவனக்குறைவு."

கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "உன்னிடம் அழுகியது என்னிடம் தழைத்துவிட்டதே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்தும் சொல்லவில்லை. பிறகு, "அந்தப் பேனாவைக் கொடு."

அவர் இப்போது 41ஆம் எண். இன்று பதினோராம் நாள். உருண்டைகள் இருக்கின்றன, சின்னதாக, எட்டுக் குழியில் ஐந்தில். கட்டிதானா, நல்ல சுவரா என்று இன்னும் தெரியாது. முதல் முறை பிரித்ததுமே கால்வாசியை உறைய வைத்துவிட வேண்டும். தண்ணீர்த் தட்டை இன்று மாலை கழுவி மாற்றிவிட்டேன். நாளை செவ்வாய், எட்டு மணிக்குத் தியேட்டர் வாசலில் நிற்க வேண்டும்.